ஏட்டில் ஏறாத காடும் இருளர்களும்

2019 ஜூலையில் பத்திரிகைகளில் வந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதியவர் ஒருவர், தன்னை மீட்க வந்த அரசு அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடுகிறார். காஞ்சிபுரத்தை அடுத்த கோனேரிக்குப்பத்திலும், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலி பக்கத்துப் பருவமேட்டிலும், மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாகக் கிடந்த 42 பேரை வருவாய்த் துறையினர் அன்று மீட்டார்கள். இருளர் பழங்குடிக் குடும்பங்கள். கைக்குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை அதில் இருந்தார்கள். அந்த முதியவர் வாங்கியிருந்த கடன் 1,000 ரூபாய் என்று செய்தி வந்தது.

கோனேரிக்குப்பத்திலிருந்து ஒரகடத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியதில் தொடங்கி, செயின்ட் கோபைன் கண்ணாடி, நோக்கியா, ஃபாக்ஸ்கான், அப்பல்லோ டயர்ஸ், ரெனோ-நிசான், டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழிற்பட்டை இது. உலகம் முழுக்கப் போகும் காரும் கைப்பேசியும் இங்கேதான் உருவாகின்றன. அதே வட்டாரத்தில், 2019இல், ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக ஒரு கிழவர் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் தற்செயலாக அருகருகே அமைந்துவிட்டன என்று நான் நம்பவில்லை. காட்டையும் கல்லையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு அவற்றை நம்பியிருந்தவர்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

மரவெட்டும் சுரங்கமும் பழங்குடிகளை என்ன செய்கின்றன என்று பேசும்போது நமக்கு உடனே நினைவுக்கு வருவது அமேசான். தங்கம் தோண்டுகிறவர்கள் புகுந்ததால் பாதரசமும் மலேரியாவும் பசியும் சூழ, 2023 ஜனவரியில் யானோமாமி மக்களுக்காக பிரேசில் அரசு சுகாதார நெருக்கடிநிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. மலேசியாவின் சரவாக்கில் பெனான் மக்கள் 1987இல் மரலாரிகள் போகும் சாலைகளின் குறுக்கே உட்கார்ந்து மறித்தார்கள். நம் ஆனைமலையிலும் அந்தக் கதை உண்டு. காடர்கள் வாழ்ந்த சோலைகளை வெட்டித்தான் வால்பாறையின் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. மலையுச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சறுக்கிவிட்ட இடம் இன்றும் டாப்ஸ்லிப் என்றே வழங்குகிறது. இதெல்லாம் மலையில், மழைக்காட்டில். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏது காடு என்று கேட்கத் தோன்றும்.

காடு இருந்தது. இன்னமும் துண்டு துண்டாக இருக்கிறது. சோழமண்டலக் கரையோரத்து உலர் பசுமைக்காடு அது. யானை இல்லை, புலி இல்லை, வானளாவிய மரங்கள் இல்லை. தலைக்கு மேல் இரண்டாள் உயரம் போனால் அதிகம். உலக்கைப்பாலை, வெப்பாலை, காட்டு எலுமிச்சை, களா, காரை, சூரை, நொச்சி, சிற்றீச்சம் என்று நெருங்கிப் பின்னிக் கிடக்கும். குன்றின் அடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் கோயில் தோப்பிலும் அது விட்டுவிட்டுத் தெரியும். பட்டா வைத்திருப்பவர் கண்ணுக்கு அது முட்புதர். இருளருக்கு அதுதான் சமையலறை, மருந்துக்கடை, எல்லாமே.

இருளர்களைப் பற்றி வெளியே தெரிந்தது பாம்பு பிடிப்பது ஒன்றுதான். ஈசல் எந்த மழைக்குப் பிறகு எந்தப் புற்றில் கிளம்பும், வள்ளிக்கிழங்குக் கொடி வாடிய பிறகு கிழங்கு எங்கே இறங்கியிருக்கும், வற்றிவரும் ஏரிச் சேற்றில் விரால் எந்த மூலையில் ஒதுங்கும் என்பதெல்லாம் கைப்பழக்கமாக வரும் அறிவு. அறுவடை முடிந்த வயலில் அவர்கள் எலி பிடிப்பதை ஒருமுறை நின்று பார்த்தால் போதும். வரப்பில் உள்ள வளைகளில் எது வாசல், எது தப்பிக்கும் வழி என்று முதலில் பார்த்து, ஒன்றைத் தவிர மற்றவற்றை மண் அடைத்து மூடுவார்கள். ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளையில் பொருத்தி, ஓட்டை வழியாக ஊதுவார்கள். புகை உள்ளே போகும். பிறகு கடப்பாரையால் வரப்பைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், எலி இழுத்துச் சேர்த்துவைத்த நெல்கதிரும் கிடைக்கும். அந்த நெல்லைப் பெண்கள் முறத்தில் புடைத்து எடுத்துக்கொள்வார்கள். நிலத்துக்காரருக்கு எலித் தொல்லை தீரும். நிலமே இல்லாதவர் வீட்டில் சில நாளைக்கு உலை கொதிக்கும். வயலே தொழிற்சாலையான பிறகு இந்த ஏற்பாட்டுக்கு இடமில்லை.

இந்த அறிவின் மதிப்பு உலகத்துக்குத் தெரியும். பாம்புத்தோல் வியாபாரத்துக்குச் சட்டம் தடை போட்டதும் பிழைப்பிழந்த இருளர்களைக் கொண்டு, 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்ப விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து பெருமளவு அந்த நஞ்சை நம்பித்தான் தயாராகிறது. 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் மலைப்பாம்புத் தொல்லை தாங்காமல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அழைத்தது. இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனை பெருமைக்குரிய சமூகத்தின் பெரும்பகுதிக்குக் குடியிருக்கும் குடிசைக்குக் கீழே இருக்கும் மண் சொந்தமில்லை.

மரம் வெட்டுக்குப் போன குடும்பம்

காட்டை இழந்த கதை ஒரகடத்தில் தொடங்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் நல்ல காடுகளைக் காப்புக்காடாக்கியது. விறகும் தேனும் கிழங்கும் எடுப்பது அன்றிலிருந்து குற்றத்தின் பக்கம் நகர்ந்தது. மிஞ்சிய புதர்க்காடுகள் புறம்போக்குகளாகவும் தனியார் நிலங்களாகவும் போயின. 19ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேலம் ஏரிகளையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. கூடவே சவுக்குத் தோப்புகள் பெருகின. செங்கல் சூளைக்கும் ஓட்டல் அடுப்புக்கும் கட்டடங்களில் முட்டுக்கொடுக்கவும் இந்த மரங்கள் வேண்டும். வெட்ட ஆள் வேண்டும். காட்டை அறிந்த, கத்தி பிடிக்கத் தெரிந்த, கேட்க நாதியற்ற ஆட்கள் கிடைத்தார்கள்.

மரம் வெட்டு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணம், சாவு, பிரசவம், தீபாவளி என்று ஒரு செலவு வரும். வங்கி தராது, அடகு வைக்க ஒன்றும் இருக்காது. மரக் குத்தகை எடுத்தவர் முன்பணம் தருவார். அதற்கு ஈடாகக் குடும்பமே தோப்புக்குப் போக வேண்டும். தார்ப்பாயும் பனையோலையும் வைத்துத் தோப்புக்குள்ளேயே ஒரு குடிசை. ஆண் வெட்ட, பெண் கிளை கழிக்க, பிள்ளைகள் மிலாறு பொறுக்கிக் கட்டுவார்கள். கூலி டன் கணக்கில். எடை போடுகிறவரும் அவரே, கணக்கு எழுதுகிறவரும் அவரே. வாரத்துக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு தொகை கையில் வரும். மற்றதெல்லாம் கடனில் கழிகிறது என்பார்கள். கழியாது. ஒரு தோப்பு முடிந்ததும் அடுத்த தோப்புக்கு லாரியில் ஏற்றிப் போவார்கள். சாவுக்குக்கூட ஊருக்குப் போக விடமாட்டார்கள். போவதென்றால் குழந்தையையோ மனைவியையோ விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இப்படி ஊர் ஊராகத் திரிகிற குடும்பத்தின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்? ரேஷன் கார்டு ஒரு ஊரில், ஆள் வேறு ஊரில். பள்ளியில் சேர்த்த பிள்ளை மூன்றாம் மாதம் காணாமல் போயிருக்கும். வீடு கணக்கெடுக்க வருகிறவர் வரும்போது குடிசை காலியாக இருக்கும். கொத்தடிமைமுறை கூலியைப் பறிப்பதோடு நிற்பதில்லை. ஒரு குடும்பம் இருக்கிறது என்பதற்கான தடயத்தையே அழித்துவிடுகிறது. பின்னால் நிலம் கையகப்படுத்தும் நாள் வரும்போது இதுவே வந்து கழுத்தைப் பிடிக்கும்.

கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தது. ஆனாலும் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அரிசி ஆலை, செங்கல் சூளை, கல்குவாரி, மரத்தோப்பு என்று மீட்புகள் தொடர்ந்துகொண்டே இருந்தன. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழும் உடனடி உதவியாகச் சில ஆயிரங்களும் கிடைக்கும். 2016இல் திருத்திய மத்தியத் திட்டம் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தோருக்கு மூன்று லட்சம் என்று மறுவாழ்வுத் தொகையை உயர்த்தியது. ஆனால் முழுத்தொகையை முதலாளி குற்றவாளி என்று தீர்ப்பாவதோடு முடிச்சுப் போட்டுவிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும் என்று அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. மீண்டவர்கள் மறுபடியும் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு தோப்புக்குப் போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கல்லும் கிராவலும்

மரத்தைச் சொன்னேன். கல்லைச் சொல்ல வேண்டும். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இங்கிருந்து போனது; அதை வைத்து ஹாலந்து என்ற புவியியலாளர் 1893இல் இட்ட பெயர் அது. மிகப் பழைய பாறை. சென்னையும் அதன் மேற்கே விரிந்த தொழிற்பட்டையும் எழும்பி நிற்பது இப்படிப்பட்ட பாறைகளின் மேல்தான். ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைத்துக் கொட்டிய குன்றுகள் எத்தனையோ. குன்றத்தூர் வட்டத்தில் எருமையூர் பக்கம் போனால் குன்றுக்குப் பதில் பள்ளம் தெரியும். சிக்கராயபுரத்தில் கைவிட்ட குவாரிகள் எவ்வளவு ஆழம் என்றால், 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சென்னையின் குடிநீருக்கே அந்தப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்பினார்கள்.

குன்று போனால் பாறை மட்டும் போவதில்லை. மழைநீரைத் தாழ்வாரம்போல வாங்கிக் கீழே உள்ள ஏரிக்கு அனுப்புவது அதுதான். அதன் இடுக்குகளில் தேன் கட்டும், உடும்பு இருக்கும், பாம்பு முட்டையிடும். அடிவாரத்தில்தான் அந்த உலர் பசுமைக்காடு மிஞ்சி நிற்கும். வெடி வைக்கத் தொடங்கியதும் முதலில் காலியாவது அந்த அடிவாரம்.

அடுத்து மண். இந்தப் பகுதி முழுக்க ஏரிப்பாசனம். ஒரு ஏரியின் கலங்கல் அடுத்த ஏரிக்கு வரத்துக்கால். தாழ்ந்த நெல்வயலில் ஆலை கட்ட வேண்டுமானால் முதலில் சாலை மட்டத்துக்கு மேடாக்க வேண்டும். ஆயிரக்கணக்கான லோடு கிராவலும் சவுடும் வேண்டும். அவை குன்றோரத்துச் செம்மண் மேடுகளிலிருந்தும் ஏரிகளின் வயிற்றிலிருந்தும் வருகின்றன. இதே செம்மண் சரளையில்தான் 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்கியது. வேட்டையாடியும் உணவு சேகரித்தும் மனிதர்கள் வாழ்ந்ததற்கு இத்தனை பழைய அடையாளம் உள்ள மண் உலகில் அதிகமில்லை. இப்படி மண் எடுக்கக் கண்டபடி ஆழமாகத் தோண்டிய ஏரியில் தண்ணீர் குழிகுழியாக நிற்கும். கோடையில் ஒரே சீராக வற்றி, சேற்றில் இறங்கிக் கையாலேயே மீன் பிடிக்கலாம் என்ற நிலை மாறிவிடும். மீன் பாசி குத்தகைக்குப் போன ஏரிகளிலோ, இருளர் கூலியாகத்தான் இறங்க முடியும். சொந்தமாக இறங்கினால் திருட்டு.

இழப்பீடு யாருக்கு?

இனி சொல்லப் போவதுதான் என் பிரதான வாதம். மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்காக நிலம் எடுக்கும்போது பட்டாதாரருக்குப் பணம் கிடைக்கிறது. அது போதுமா என்று அவர் நீதிமன்றம் போகலாம், போகிறார்கள். ஏரிக்கரையிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் குடிசை போட்டு, அந்த வயலின் எலியையும் அந்த ஏரியின் மீனையும் அந்தப் புதரின் விறகையும் நம்பி இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு ஒரு நோட்டீஸ்கூட வராது. அடங்கலில் அவர் பெயர் இல்லை. கிராமத்து ‘அ’ பதிவேட்டில் அந்த இடம் அரசு நிலம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வன நிலத்துக்கு மட்டும்தான். ஏரிப் புறம்போக்கில் வாழும் காட்டுமக்களுக்கு அது பேசாது. ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கேட்க உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது, 12 கிராமசபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. டோங்கிரியா கோண்டு மக்களின் மலை, காடு என்று ஏட்டில் இருந்ததால் அந்தக் கேள்வியாவது எழுந்தது.

ஆனால் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வுச் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் யார் என்று சொல்லும்போது நிலச் சொந்தக்காரரோடு நிறுத்தவில்லை. கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்றாண்டுகள் காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைத்தவர்கள், காட்டுப்பொருள் சேகரிப்பவர்கள், வேட்டையாடுபவர்கள், மீன் பிடிப்பவர்கள் எல்லோரும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே என்கிறது. இருளர்களை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது அந்தப் பிரிவு. இவர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்ய வேண்டிய வழி, சமூகத் தாக்க மதிப்பீடு.

தமிழ்நாட்டில் அந்த வழி அடைபட்டுவிட்டது. மாநிலத்துக்கென்று 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம் இருக்கிறது. அதை மத்தியச் சட்டத்தின் நடைமுறையிலிருந்து விலக்கி வைத்தார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. சில நாட்களிலேயே சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது; 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இழப்பீட்டுத் தொகை மத்தியச் சட்டப்படி. சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை. அதாவது, ஏட்டில் இருப்பவருக்குப் பணம் குறையாது. ஏட்டில் இல்லாதவரைத் தேட வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. இதை நடைமுறைச் சிக்கல் என்று ஒதுக்க என்னால் முடியாது. இது அநீதி.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. 2021 தீபாவளியன்று முதலமைச்சர் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊத்துக்காடு, சிங்காடிவாக்கம், மலையாங்குளம் முதலிய ஊர்களில் இருளர்களுக்காகவே வீடுகள் கட்டினார்கள். திருவள்ளூரில் கொத்தடிமையிலிருந்து மீண்டவர்களே நடத்தும் செங்கல் சூளை உருவானது. இருளர் பெண்கள் மூலிகை அறிவைத் தொழிலாக்கிய சங்கம் செங்கல்பட்டு அருகே தண்டரையில் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. இவை எல்லாம் நல்ல வேலை. ஆனால் 2011 கணக்கெடுப்புப்படியே தமிழ்நாட்டில் இருளர்கள் 1,89,000க்கும் மேல். பழங்குடிச் சான்றிதழுக்கு இன்றும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா என்கிறார்கள். அப்பா தோப்பில் பிறந்து தோப்பிலேயே செத்தவராக இருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே தொழிற்பட்டையின் வல்லம் வடகாலில், வேலைக்கு வரும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து மாடாக உழைக்கும் அந்தப் பெண்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ஒரே வளாகத்தில் பதினெட்டாயிரம் பேருக்கு நிலமும் பணமும் கண்டுபிடிக்க முடிந்த அரசுக்கும் நிறுவனங்களுக்கும், இந்தப் பட்டையின் ஏரிக்கரைகளில் சிதறிக் கிடக்கும் இருளர் குடும்பங்களுக்கு மூன்று சென்ட் மனையும் பிள்ளைகளுக்கு ஆலையில் பயிற்சியும் கொடுப்பது இயலாத காரியமில்லை.

அடுத்தது காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூர். 2022 ஆகஸ்டில் அறிவித்த விமான நிலையத்துக்காக ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல் எடுக்கிறார்கள்; பல ஏரிகளும் குளங்களும் அதற்குள் வருகின்றன. எடுப்பது அதே 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான். அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலுக்காகவும் ஏரிக்காகவும் போராடுவதை நாடே பார்க்கிறது. விமான நிலையம் வரட்டும், வராமல் போகட்டும். அந்த வழக்கு வேறு. சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே மாவட்ட ஆட்சியர் நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம். பரந்தூரிலும், சிப்காட் அடுத்து எடுக்கவிருக்கும் ஒவ்வொரு ஊரிலும், ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் தோப்பிலும் குடியிருக்கும் இருளர் குடும்பங்களைப் பெயர் பெயராகக் கணக்கெடுக்க வேண்டும். மரம் வெட்டப் போனவர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்து கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராமசபையில் உரக்க வாசித்து, விட்டுப்போன பெயர்களைச் சேர்த்த பிறகே முதல் லோடு மண்ணைக் கொட்ட வேண்டும்.